கப்பல் ஏறாத பணத்துக்குக் கப்பல் கூலி

அனுப்புநர்: மாதம் ஒருமுறை தங்கள் குறுஞ்செய்திக்குக் காத்திருக்கும் ஒரு தகப்பன், ஸ்ரீ விஜயபுரம் (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்), தெற்கு அந்தமான்.

பெறுநர்: 'கட்டணம் பூஜ்யம்' என்று விளம்பரம் செய்யும் பன்னாட்டுப் பணமாற்று நிறுவனத்தின் மேன்மைமிகு தலைவர் அவர்கள் (பெயர் எதற்கு, எல்லோரும் அதையேதான் சொல்கிறீர்கள்).

பொருள்: பூஜ்யம் என்ற பெயரில் 700 ரூபாய் பிடித்தம் செய்யப்படுவது தொடர்பாக.

ஐயா,

என் மூத்த மகன் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். மாதம் 2,000 திர்ஹாம் அனுப்புகிறான். அனுப்பிய கையோடு போன் போட்டு, "அப்பா, ஒரு பைசா சார்ஜ் இல்ல" என்று பெருமையாகச் சொல்வான். உங்கள் ஆப்பில் கொட்டை எழுத்தில் 'கட்டணம் 0' என்று போட்டிருக்கிறதாம். இந்தக் காலத்தில் சும்மா வேலை பார்க்கும் ஒரு கம்பெனியா, அப்படியானால் ஊரெல்லாம் விளம்பரப் பலகை வைக்கக் காசு எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததுதான் நான் செய்த குற்றம்.

கணக்குப் போட்டேன். சந்தையில் ஒரு திர்ஹாம் 23 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுப்பது 22 ரூபாய் 65 காசு. முப்பத்தைந்து காசுதானே என்று தோன்றும். இரண்டாயிரத்தால் பெருக்கினால் 700 ரூபாய். கட்டணம் என்ற கட்டத்தில் பூஜ்யத்தை உட்காரவைத்துவிட்டு, காசை விகிதம் என்ற கட்டத்துக்குள் படுக்கவைத்திருக்கிறீர்கள். பூஜ்யத்தைக் கண்டுபிடித்ததே நாங்கள் என்று பெருமையடித்துக்கொள்ளும் நாட்டிடமே அதை 700 ரூபாய்க்கு விற்கிறீர்களே, அந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு கும்பிடு.

கப்பல் கூலி எங்களுக்குப் புதிதல்ல. வெங்காயம், சிமெண்ட், கூரைத் தகரம் எல்லாம் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கடலில்தான் வருகின்றன. சென்னையிலிருந்து ஏறக்குறைய மூன்று நாள். கடல் கோபித்துக்கொண்டால் அதற்கும் மேலே. அபர்டீன் பஜாரில் கடைக்காரர் விலையைச் சொல்லிவிட்டு "மெயின்லேண்ட் சரக்கு" என்றால் அப்புறம் பேரம் கிடையாது. சரக்கு கடல் தாண்டி வந்திருக்கிறது, கொடுத்துத்தான் ஆகவேண்டும். உங்கள் பணம் எந்தக் கப்பலில் வந்தது ஐயா?

விசாரித்தேன். எதிலும் வரவில்லை. மகன் கொடுத்த திர்ஹாம் அங்கேயே இருக்கிறது. இந்தியாவில் உங்கள் கூட்டாளி வங்கியில் ரூபாயை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறீர்கள். அங்கே பணத்தை வாங்கியதும் இங்கே ஒரு செய்தி வருகிறது. ஏற்கெனவே இங்கே கிடந்த ரூபாயிலிருந்து என் பங்கு என் கணக்குக்கு நகர்கிறது. உங்களுக்கும் வங்கிக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலை, என்னைப் போன்ற ஆயிரம் பேருடைய தொகையையும் மொத்தமாகக் கூட்டிப் பிறகு தீர்த்துக்கொள்கிறீர்கள். ஆக, கடல் தாண்டியது நாலு வரிச் செய்தி. அதையும் எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பது, 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சென்னை – அந்தமான் கடலடிக் கேபிள். சுமார் 2,300 கிலோமீட்டர், 1,200 கோடிக்கு மேல் அரசு செலவு. கேபிள்கூட உங்களுடையதல்ல.

முன்பணத்தை முடக்கி வைப்பதற்குச் செலவு உண்டு, தெரியும். ரூபாயின் மதிப்பு இடையில் ஆடினால் நட்டம் உங்களுடையது, அதுவும் தெரியும். அதற்குக் கூலி கேளுங்கள், தருகிறோம். கூலி என்று சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் தொழில் ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. 1851இல் தந்திக் கம்பெனியாகத் தொடங்கிய வெஸ்டர்ன் யூனியன், 1871இல் அந்தத் தந்தியிலேயே பணம் 'அனுப்ப' ஆரம்பித்தது. எங்களுக்கு வடக்கே, ரங்கூன் மொகல் தெருவில் உட்கார்ந்து செட்டியார்கள் உண்டியல் எழுதினார்கள். ரங்கூனில் கட்டிய பணம் செட்டிநாட்டில் கிடைத்தது. அவர்களும் வட்டம் என்று கழிவு பிடித்தவர்கள்தான். ஆனால் 'வட்டம் பூஜ்யம்' என்று எந்தச் செட்டியாரும் கடை வாசலில் எழுதிப்போட்டதாகக் கேள்வியில்லை.

முதல் மாதம் நீங்கள் தந்த வரவேற்பு விகிதத்தைக் குறிப்பிடாவிட்டால் நன்றி கெட்டவனாவேன். தலைத்தீபாவளி மாப்பிள்ளைக்கு நடக்கும் உபசாரம் தோற்றது. சந்தை விலையை ஒட்டியே கொடுத்தீர்கள். அடுத்த மாதம் மாப்பிள்ளை பழையவராகிவிட்டார்.

அடுத்து என் பெயர். எங்கள் பெயருக்கு முன்னால் நிற்பது அப்பா பெயரின் முதலெழுத்து. குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று எங்களுக்குக் கிடையாது. உங்கள் படிவத்தில் 'கடைசிப் பெயர்' கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் திறக்காது. ஒருமுறை ரொக்கமாகவே வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தோம். மகன் அந்தக் கட்டத்தில் என் அப்பா பெயரை முழுதாக அடித்துவிட்டான். என் ஆதாரில் இருப்பது முதலெழுத்து மட்டும். பத்து இலக்க ரகசிய எண்ணைச் சொன்னேன், தொகையைச் சொன்னேன், அனுப்பியவன் பெயரைச் சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண் அட்டையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அங்கிள்ஜி, யே தோ தூஸ்ரா ஆத்மி ஹை" என்றாள். வேறு ஆளாம். அந்தப் பெண் மேல் தப்பில்லை. ஓர் எழுத்து மாறினாலும் கொடுக்காதே என்று நீங்கள் சொல்லிவைத்திருக்கிறீர்கள். எப்போதோ போய்ச் சேர்ந்த என் அப்பா, அவருடைய மகன் நான்தான் என்று சாட்சி சொல்ல வரவேண்டியிருந்தது. உங்கள் ஆப்பில் எங்களுக்குக் கிடைத்த ஒரே மரியாதை மாநிலப் பட்டியலில்தான். ஆங்கில அகரவரிசைப்படி ஆந்திராவுக்கும் முன்னால் நாங்கள்.

இன்னொரு மாதம் பணம் 'ஆய்வில் உள்ளது' என்று நின்றது. அனுப்பும் காரணம் கேட்டீர்கள். குடும்பப் பராமரிப்பு, அன்பளிப்பு, கல்வி, மருத்துவம் என்று பட்டியல். உப்புக்காற்றில் துருப்பிடித்து ஓட்டை விழுந்த தகரத்தை மாற்றுவது இவற்றில் எதில் சேரும்? மகன் நேர்மையாக 'மற்றவை' என்பதைத் தொட்டுத் தொலைத்தான். அந்த ஒரு சொல்லில் உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மழை மாதம் வேறு. வீட்டுக்குள் பாத்திரங்களை வரிசையாக வைத்துக்கொண்டு, பயங்கரவாதத்துக்கு நிதி போகாமல் நீங்கள் உலகைக் காப்பதைக் கண்டு மகிழ்ந்தோம். பொழுதுபோகாமல் படித்ததில் ஒரு செய்தி கண்ணில் பட்டது: உங்கள் குலமூத்தவரான அதே வெஸ்டர்ன் யூனியன், பணமோசடித் தடுப்பு ஏற்பாட்டை வேண்டுமென்றே ஒழுங்காக வைத்திருக்கவில்லை என்று 2017இல் அமெரிக்க அரசிடம் ஒப்புக்கொண்டு, 58.6 கோடி டாலர் கட்டச் சம்மதித்ததாம். அப்போது அவர்கள் எந்தக் காரணத்தைத் தொட்டார்களோ!

ரிசர்வ் வங்கியையும் விட்டுவிட முடியாது. உங்கள் கவுண்டர் வழிக்கு அது போட்ட விதிகள் தெளிவானவை: ஒரு முறைக்கு 2,500 டாலர், ஒருவருக்கு ஓர் ஆண்டில் 30 முறை, கையில் ரொக்கம் 50,000 ரூபாய் வரைதான். நல்லது. ஆனால் இந்தக் கவுண்டருக்கு ஒரு பக்கம்தான் கதவு. பணம் உள்ளே வரலாம், வெளியே போகமுடியாது. எங்கள் தீவுக்கூட்டத்தில் உள்ள கச்சால் தீவைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களை அங்கே ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். அப்படி வந்த பெரியவர் ஒருவருக்கு மலையகத்தில் அக்கா இருந்து, அக்காவின் மருந்துச் செலவுக்குப் பத்தாயிரம் ரூபாய் அனுப்ப ஆசைப்பட்டால், வங்கிக்குப் போய் பான் கார்டு காட்டி, ஏ2 படிவம் நிரப்பி, ஸ்விப்ட் கட்டணம் கட்டி, வழியில் இருக்கும் வங்கி எவ்வளவு கிள்ளும் என்று தெரியாமல் அனுப்பவேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் யுபிஐ செல்லும் என்பார்கள். செல்லும், கடையில். இந்தியச் சுற்றுலாப்பயணி கொழும்பில் தேநீர் குடித்துவிட்டு ஸ்கேன் செய்யலாம். அந்தத் தேயிலையைக் கிள்ளிய அக்காவுக்கு ஸ்கேன் செய்ய முடியாது.

சிங்கப்பூரோடு மட்டும் 2023 பிப்ரவரியில் வழி திறந்தார்கள். யுபிஐயும் அங்குள்ள பேநவ்வும் கைகோத்து, ஆளுக்கு ஆள் நேரடியாக அனுப்பலாம். முடியாத காரியம் இல்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

200 டாலர் அனுப்ப உலகச் சராசரிச் செலவு இன்னும் 6 சதவீதத்துக்கு மேலே என்கிறது உலக வங்கி. 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவோம் என்று ஐ.நா.வில் எல்லா நாடுகளும் இலக்கு வைத்து ஏற்றுக்கொண்டிருக்கின்றன. வளைகுடாவிலிருந்து வரும் பணத்துக்கு நீங்கள் பிடிப்பது அதைவிடக் குறைவு என்பீர்கள். உண்மை. குறைவாகப் பிடிப்பவர் எதற்கு ஐயா ஒளிக்கவேண்டும்?

ஆகவே கேட்பது ஒன்றே. 'கட்டணம் 0' இருக்கும் இடத்தில், இன்றைய சந்தை விலை இவ்வளவு, நாங்கள் தருவது இவ்வளவு, வித்தியாசம் ரூபாயில் இவ்வளவு என்று மூன்று எண்களைப் போடுங்கள். அதே கொட்டை எழுத்தில்.

இப்படிக்கு,
தங்கள் பழைய மாப்பிள்ளை

பி.கு.: இதை அவர்கள் படிக்கப் போவதில்லை. படிக்கும் நீங்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்: கட்டணத்தைப் பார்க்கவேண்டாம், விளம்பரத்தைப் பார்க்கவேண்டாம். ஒரே நாளில், ஒரே தொகைக்கு, வீட்டுக் கணக்கில் எத்தனை ரூபாய் விழும் என்று இரண்டு மூன்று இடத்தில் கேட்டுவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.