பென்டிரைவ் தேவையில்லை

சேர்வருக்குப் புது ஃபேம்வெயார் ஏற்ற இப்போது பென்டிரைவும் வேண்டாம், சீடியும் வேண்டாம். சேர்வரைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ள மதர்போர்ட்டில் ஒரு சின்னச் சிப் இருக்கிறது. டெல்காரர் ஐடிராக் என்பார்கள், எச்பிகாரர் ஐஎல்ஓ என்பார்கள். சேர்வர் அணைந்து கிடந்தாலும், கரண்ட் இருக்கும்வரை இது முழித்திருக்கும். அனுமதி மட்டும் கிடைத்தால், தலைமன்னாரில் பிளேன்டீ குடித்தபடியே கொழும்புச் சேர்வரைப் புதுப்பிக்கலாம். வீதியை மறிக்கும் மன்னார்க் கழுதைகளிடம் வழி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

பயணம் மிச்சம்தான். புதுப்பிக்கிற வேலையையும் சேர்த்தே மிச்சம்பிடித்துவிட்டோம். 2023 ஓகஸ்டில் லங்கா அரச கிளவுட்டை ரான்சம்வெயார் பிடித்தபோது, அரசாங்க ஈமெயில் ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய மென்பொருளில். மைக்ரோசொஃப்ட் அதைக் கைகழுவியது அந்த ஏப்ரலில். ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், காசில்லையாம். ஏறத்தாழ 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்ததெல்லாம் போயிற்று. வெளியே எடுத்துவைத்த பிரதி இல்லை.

அந்த மாதங்களில் ஈமெயிலையும் பிரின்ட் எடுத்து, துளைபோட்டு, நாடா கட்டி ஃபைலில் வைத்த கச்சேரிக் கிளாக்கர் ஐயா எவராவது இருந்தால், தயவுசெய்து அந்த ஃபைலை எறிந்துவிடாதீர்கள்.