காலையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடும் மாப்ளே

வாரும் மாப்ளே, உக்காரும். அந்த முக்காலியை இழுத்துப் போட்டு வீரக்காலை அதுமேல வச்சிக்கிடும். ராசா கால் தரையில படலாமா?

எங்க அக்கா, அதாவது உம்ம அம்மை, போன்ல ஒரே அழுகை. "தம்பி, பாதத்துல எலும்பு விரிஞ்சி, அந்தப் பெரிய பூட்ஸை இப்பத்தான் கழட்டியிருக்கான். அதுக்குள்ள இருபத்தோரு கிலோமீட்டர் ஓடப்போறானாம். நீ வந்து ரெண்டு வார்த்தை சொல்லு"ன்னா. அதான் கோவில்பட்டியில நாகர்கோவில் வண்டியைப் பிடிச்சு பெங்களூர் வந்து இறங்கியிருக்கேன். பயப்படாதீரும், தடுக்க வரலை. தாராளமா ஓடும். நாலு பேருக்குப் பிழைப்பு நடக்க வேண்டாமா? எலும்பு டாக்டரு வீட்டுப் பிள்ளை வெளிநாட்டுல படிக்கணும், ஸ்கேன் எடுக்கிற கடைக்காரரு கட்டின பில்டிங் கடனை அடைக்கணும். உம்மை மாதிரி தர்மவான்கள் இல்லைன்னா அவுக கதி என்ன ஆகும்?

மாமன் கிராமத்தான், இவனுக்கு என்ன தெரியும்னு நினைக்காதீரும். உல்சூர் ஏரிக்குப் பக்கத்துல இருக்குதே பட்டாளத்து எம்.இ.ஜி. சென்டர், அங்கன கஞ்சி குடிச்சு வளந்தவன் நான். 1780ல மெட்ராஸ் பயனியர்னு ஆரம்பிச்ச படை. அதுல இருக்கிறவுக எல்லாருக்கும் பேரு 'தம்பி'தான். மீசை நரைச்ச சுபேதாரும் தம்பி, நேத்து வந்த ரெக்ரூட்டும் தம்பி. நீங்கள்லாம் காசு கட்டி ஓடுதீக. எங்களைச் சம்பளம் கொடுத்து ஓட விட்டாக. அம்புட்டுத்தான் வித்தியாசம்.

உமக்கு வந்திருக்கே, விரலுக்குப் பின்னால இருக்கிற நீள எலும்புல மயிரிழை விரிசல், அது சிப்பாய் வியாதி மாப்ளே. அதுக்குப் பட்டாளத்துல 'மார்ச் பிராக்சர்'னு பேரு. 1855லேயே பிரைட்ஹாப்ட்னு ஒரு பிரஷ்ய ராணுவ டாக்டரு, நடந்து நடந்து பாதம் வீங்கின சிப்பாய்களைப் பாத்து எழுதி வச்சிருக்காரு. அன்னைக்கு எக்ஸ்ரே ஏது? 1895ல அது வந்த பிறகுதான், வீக்கத்துக்குள்ள ஒளிஞ்சிருந்தது எலும்பு விரிசல்னு தெரிஞ்சுது. இன்னைக்கும் முதல் ரெண்டு மூணு வாரம் பல பேருக்கு எக்ஸ்ரேயில ஒண்ணும் தெரியாது. "படத்துல ஒண்ணுமில்லையே"ன்னு சந்தோசமா ஓடி, மயிரிழையை வாய்க்கால் ஆக்கினவுக உண்டு. நீரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துட்டீரு. பரவாயில்லை, புத்தி கொஞ்சம் மிச்சம் இருக்கு.

எங்க கூட ஒரு பையன் இருந்தான். பாதத்துல வலி. எம்.ஐ. ரூமுக்கு, அதான் பட்டாளத்து டாக்டரு பாக்கிற அறைக்கு, போனா 'லைட் டூட்டி' எழுதிருவாக, அடுத்த பேட்சுக்கு ரெலிகேட் ஆயிருவோம்னு பயந்து, பல்லைக் கடிச்சிக்கிட்டு மறைச்சான். உஸ்தாத் பாக்கும்போது நேரா நடப்பான், திரும்பினதும் நொண்டுவான். கடைசியில ஒரு ரூட் மார்ச்சுல உக்காந்தவன் எந்திரிக்கலை. வலின்னு முதல் நாளே போய்ச் சொன்ன இன்னொருத்தன் காய்கறி நறுக்கி, ஸ்டோர்ல கணக்கெழுதி, எங்களோடயே கசம் பரேடுல, அதான் சத்தியம் செய்யிற அணிவகுப்புல, நின்னான். மறைச்சவன் எங்களுக்கு ரெண்டு பேட்ச் பின்னால வந்தான். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலைன்னா அப்படித்தான்.

இப்போ ஒரு கணக்குப் போடுவோம். நீருதான் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டே காசு பாக்கிறவரு. ஒரு எட்டு ஒரு மீட்டர்னு வையும். 21 கிலோமீட்டருக்கு இருபத்தோராயிரம் எட்டு. அதுல பாதி, பத்தாயிரத்துக்கு மேல, அந்த விரிஞ்ச காலுக்கு. ஓடும்போது ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு எடையைப் போல ரெண்டு மூணு மடங்கு பாரம் பாதத்துல இறங்கும். உம்ம எடை எழுபத்தஞ்சு. ரெண்டு மடங்குன்னே வச்சாலும் மிதிக்கு ஒண்ணரைக் குவிண்டால். பாதத்துல இருக்கிறது 26 எலும்பு. அதுல ஒண்ணு இப்பத்தான் ஒட்டிக்கிட்டு இருக்கு. அது தலையில ஒண்ணரைக் குவிண்டாலைப் பத்தாயிரம் தடவை இறக்குவேன்னு நீரு சொன்னா, அந்த எலும்பையும் ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? கல்யாணத்துக்குப் பொண்ணையே ரெண்டு தடவை கேக்கிற காலம் இது.

நம்ம பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தைப் பாத்திருப்பீரு. மாடு ஒரு காலைத் தூக்கித் தூக்கி வச்சா, லாடத்தைக் கழட்டிக் குளம்பைப் பாக்காம எவனும் நுகத்தடியில பூட்டமாட்டான். போஸ்டர் ஒட்டியாச்சு, பேரு கொடுத்தாச்சுன்னாலும் அவிழ்த்துட்டு வந்துருவான். அது லட்சக்கணக்கு ரூபா மாடு. உம்ம கால் அதைவிடச் சல்லிசாப் போச்சா?

நீரு என்ன சொன்னீரு நேத்து? "மாமா, அபெபே பிகிலான்னு ஒரு எத்தியோப்பியாக்காரரு, குடல்வால் ஆபரேசன் பண்ணி அஞ்சாறு வாரத்துல டோக்கியோவுல மாரத்தான் ஜெயிச்சாரு"ன்னு. உண்மைதான். 1964. அதுக்கு முன்னால 1960ல ரோமாபுரியில வெறுங்காலோட ஓடி ஜெயிச்சவரும் அவருதான். ஆனா கதையைப் பாதியில நிப்பாட்டிட்டீரே மாப்ளே. அடுத்த ஒலிம்பிக்ஸ் எங்க நடந்துச்சு? 1968, மெக்சிகோ. அன்னைக்கு அவருக்குக் கால்ல அடி. அதோடயே இறங்கினாரு. பாதி தூரம் கூட வரலை, ஒதுங்கிட்டாரு. ஜெயிச்சது அவரு நாட்டுக்காரரு மாமோ வோல்டே. வயித்துல தையல் போட்டும் ஓடலாம், கால்ல அடிபட்டா பிகிலாவே ஓட முடியாது. உமக்கு அறுத்தது வயித்தையா? இங்கிலாந்து பவுலா ராட்கிளிஃப், உலக சாதனை வச்சிருந்த அம்மா, 2004 ஏதென்ஸ்ல காலுக்கு வலி மருந்து தின்னுட்டு ஓடினாக. மருந்து வயித்தைக் கெடுத்து, ரோட்டோரத்துல உக்காந்து அழுதாக. அவுகளுக்கே அப்படின்னா, எச்.எஸ்.ஆர். லேஅவுட் சிங்கத்துக்கு என்ன ஆகும்?

அந்த வலி மாத்திரை அட்டையை நானும் பாத்தேன், உம்ம ஷூவுக்குள்ள சொருகி வச்சிருக்கீரு. வேர்த்து ஒழுகி, தண்ணி வத்தின உடம்புல அதைப் போட்டா கிட்னியில போய் உக்காரும். அதுவும் போக, வலிங்கிறது உம்ம வீட்டு வாசல்ல கட்டின நாய். திருடன் வரும்போது குரைக்குது. நீரு அதுக்கு மயக்க ஊசி போட்டுட்டு, திருடனுக்குக் கதவைத் திறந்து விடுதீரு.

சரி, இந்தத் தூரம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியுமா? 21 கிலோமீட்டரு 97.5 மீட்டரு. முழு மாரத்தான் 42.195ல சரிபாதி. 1908 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல விண்ட்சர் அரண்மனையில புறப்பட்டு, ஸ்டேடியத்துல ராசா குடும்பம் உக்காந்த மேடைக்கு முன்னால முடிச்சாக. 1921ல அதையே சட்டம் ஆக்கிட்டாக. வெள்ளைக்கார ராசா வீட்டுக்காரங்க வேடிக்கை பாக்க வசதியா அளந்த தூரம் மாப்ளே. அதுல ஒரு மீட்டரு குறைஞ்சா உம்ம மானம் போயிரும்னு நீரு இங்கன கிடந்து துடிக்கீரு.

மானம் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். உம்ம வாட்ஸ்அப் குரூப்புல, கப்பன் பார்க்குல விடியக்காலம் ஒரே கலர் பனியன் போட்டுக்கிட்டு நிக்கிறீகளே அந்தக் கூட்டத்துல. "என்ன ப்ரோ, இந்த வருசம் இல்லையா"ன்னு ஒருத்தன் கேட்டுருவான். ஓட்டக் கணக்கு வைக்கிற அந்த ஸ்ட்ராவா ஆப்புல உம்ம பேருக்கு நேரா கோடு காலியா இருக்கும். அதானே? "காசு கட்டிட்டேன் மாமா"ன்னு ஒரு சாக்கு வேற. கட்டின காசு ஏற்கெனவே போயிட்டுது. அது பின்னாலயே நொண்டி நொண்டி ஓடினா திரும்பி வந்துருமா? ஓடுறதுக்கு ஒண்ணும் பெரிய தைரியம் வேண்டாம், ஆயிரம் பேரு ஓடும்போது கால் தானாப் போகும். ஆயிரம் பேரு ஓடும்போது ஒருத்தன் நிக்கணும் பாத்தேரா, அதுக்குத்தான் நெஞ்சுரம் வேணும். அது உம்மகிட்ட இருக்கான்னுதான் பாக்கேன்.

லால்பாக் போயிருப்பீரே. அங்க கெம்பேகவுடா கோபுரம் கட்டின பாறை இருக்குல்லா? 300 கோடி வருசத்துக்கு முந்தின பாறைன்னு மத்திய சர்க்காரே கல்வெட்டு வச்சிருக்கு. அத்தனை கோடி வருசமா ஒரே இடத்துல அசையாம உக்காந்திருக்கு, ஒருநாளும் அதுக்குப் போரடிக்கலை. நீரு மூணு மாசம் உக்கார மாட்டீரோ? பஞ்சாபுக்காரரு ஃபவுஜா சிங், லண்டன்ல முதல் மாரத்தான் ஓடினது 2000ல, அப்போ வயசு 89ன்னாக. 2011ல டொரண்டோவுல நூறு வயசுல ஓடி முடிச்சாரு. அந்தக் கணக்குப்படி உமக்கு ஆரம்பிக்கவே இன்னும் அம்பது வருசத்துக்கு மேல பாக்கி இருக்கு.

பந்தயத்துக்கு என்ன பஞ்சம் இந்த ஊருல? கோடையில பத்து கிலோமீட்டர் ஓட்டம், 2008ல இருந்து நடக்கு. கண்டீரவா ஸ்டேடியத்துல மாரத்தான் 2014ல இருந்து. ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கம் காவேரிக் கால்வாய்க் கரையில மண்பாதை ஓட்டம் ஒண்ணு. சனவரி பிறந்தா சென்னை, மும்பை. ஓட்டம் வருசா வருசம் வரும். காலுதான் ஒரே ஜோடி.

இனி கேலியை ஓரமா வச்சிட்டுச் சொல்லுதேன், கேட்டுக்கிடும். உம்ம டாக்டரு சொன்னப்போ நானும் பக்கத்துல இருந்தேன், நீரு மொபைலைப் பாத்துக்கிட்டு இருந்தீரு. இந்த எலும்பு சாதாரணமா ஆறுல இருந்து எட்டு வாரத்துல ஒட்டும். ஒட்டினதும் ஓடிறக் கூடாது. முதல்ல நடை. வலி இல்லாம அரைமணி நேரம் வேகமா நடக்கணும், மறுநாள் காலையில கட்டில்ல இருந்து இறங்கும்போதும் வலி இருக்கக் கூடாது. விரிஞ்ச இடத்தைக் கட்டை விரலால அழுத்திப் பாரும். முகம் சுளிச்சா இன்னும் ஆகலைன்னு அர்த்தம். அதுக்குப் பிறகு, டாக்டரு சரின்னா, ஒரு நிமிசம் மெதுவா ஓட்டம், ரெண்டு மூணு நிமிசம் நடை, மறுநாள் ஓய்வு. வலிச்சா ஒரு படி கீழ இறங்கும். தூரத்தைக் கூட்டினா வேகத்தைக் கூட்டாதீரும். கார்பன் தகடு வச்ச அந்தப் பதினஞ்சாயிரம் ரூபா ஷூவை அலமாரியில வையும். அது வேகத்துக்குச் செஞ்சது, வைத்தியத்துக்கு இல்லை. கப்பன் பார்க்கு மண்பாதையில ஆரம்பியும். இந்த ஊரு நடைபாதையில சாக்கடை மூடியிருக்கிற கல்பலகை ஆடுற ஆட்டத்துக்கு நல்ல காலே தாங்காது.

மூச்சு குறைஞ்சிரும்னு கவலையா? சைக்கிள் மிதியும். நீச்சல்குளத்துல, தரை படாத ஆழத்துல, இடுப்புல மிதவை கட்டிக்கிட்டு ஓடுற மாதிரியே காலை அடியும். பாக்கிறவன் சிரிப்பான். சிரிக்கட்டும், கால் உம்மது. கெண்டைக்காலுக்குப் பலம் வேணும், குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கும். பெங்களூருக்கு வந்து பீட்சா திங்கிறதை நிறுத்திட்டு ராகி முத்தே திங்கப் பழகும். 100 கிராம் கேழ்வரகுல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம். அது எலும்புல சேர வைட்டமின் டி வேணும். ஏ.சி. ரூமுக்குள்ள சூரியனை எட்டாத தூரத்துல வச்சிருக்கீரே, தினம் கொஞ்ச நேரம் வெயில்ல நில்லும். வெயில் படாம விளைஞ்ச பயிரை இந்தக் கரிசல்காரன் பாத்ததில்லை.

பந்தயத்தன்னைக்கு விடியக்காலம் என்னை எழுப்பும். ரெண்டு பேரும் ஆட்டோவுல போய், ரோட்டோரமா நாற்காலி போட்டு உக்காந்து, உம்ம கூட்டாளிக ஓடும்போது கைதட்டுவோம். எவனாவது நொண்டிக்கிட்டு வந்தா மட்டும் தட்டாதீரும், "உக்காருடா"ன்னு சொல்லும். சொல்லத் தகுதி உமக்குத்தான் இருக்கு. முடிஞ்சதும் மல்லேஸ்வரம் சி.டி.ஆர்.ல பென்னே மசாலா தோசை. அங்க எடம் கிடைக்க வெளியில காத்துக் கிடக்கணுமாம். கிடப்போம். ஓடாம இருக்கக் கத்துக்கிட்டவருக்கு அது என்ன பிரமாதம்? வேணும்னா அந்தக் காத்திருப்பையும் ஸ்ட்ராவாவுல போட்டுக்கிடும், மாமன் லைக் போடுதேன். பில்லை மட்டும் நீரே கொடுத்துரும். டாக்டருக்குக் கொடுக்கிறதை விட ரொம்பச் சல்லிசு.