வாரக் கடைசிக்கு ஒரு மலை

(ஜவ்வாது மலையில், காவலூர் போகும் வழியில் ஒரு டீக்கடை. சென்னைத் தம்பி காரை நிறுத்திவிட்டார். காரில் ஓடும் பாட்டை நிறுத்தவில்லை.)

தம்பி: அண்ணே, ரெண்டு நாள்ல இந்த மலையை முடிச்சாகணும். எங்க சாப்பிடறது, எங்க குடிக்கறது, எதைப் பாக்கறது?

கடைக்காரர்: முடிக்கறதுக்கு இது என்ன ஃபைலா? முதல்ல பாட்டை நிறுத்துங்க தம்பி, நீங்க பேசறது காதுல விழல.

தம்பி: இந்த மலைக்குன்னே ஏதாவது சாப்பாடு?

கடைக்காரர்: சாமை. இந்த மலையில இருக்கற மலையாளிப் பழங்குடி சனங்க காலங்காலமா போடற வெள்ளாமை.

தம்பி: அட, எங்க டயட்டீஷியன் சொன்னது! சென்னையில பாக்கெட்டு யானை விலை. இங்க எந்த ஓட்டல்ல கிடைக்கும்?

கடைக்காரர்: ஓட்டல்ல புரோட்டா கிடைக்கும். வர்றவங்க அதைத்தானே கேக்கறீங்க? சாமை மூட்டையில கீழ இறங்குது. நீங்க அதையே பாக்கெட்ல வாங்கி கார்ல ஏத்திக்கிட்டு வர்றீங்க. நடுவுல யாரு கொழுத்தாங்கன்னு டயட்டீஷியனையே கேளுங்க.

தம்பி: குடிக்க?

கடைக்காரர்: இஞ்சி டீ.

தம்பி: அதில்லண்ணே...

கடைக்காரர்: புரியுது. பீமன் அருவிக்குப் போங்க. முன்னால வந்தவங்க குடிச்சதுக்கு அத்தாட்சி பாறையெல்லாம் கிடக்கு. செருப்பை மட்டும் கழட்டாதீங்க.

தம்பி: தண்ணி விழுதா?

கடைக்காரர்: மழை பேஞ்சா விழும். ஏப்ரல்ல வந்து, 'போட்டோவுல இருந்த அருவி எங்க'ன்னு என்னைக் கேக்கறாங்க. நானா மூடி வெச்சிருக்கேன்?

தம்பி: தங்கறதுக்குப் பழமையா ஏதாவது?

கடைக்காரர்: கீழ்சேப்பிளியில கற்திட்டை இருக்கு. பலகைக் கல்லை நிறுத்தி, மேல ஒரு கல்லால மூடினது. குள்ளர் வீடும்பாங்க.

தம்பி: ஏசி உண்டா?

கடைக்காரர்: செத்தவங்களுக்குக் கட்டினது தம்பி.

தம்பி: போகட்டும், ராத்திரிக்குப் பிளான் ரெடி. லேசர் லைட்டு, டிஜே!

கடைக்காரர்: அய்யய்யோ. வைணு பாப்புன்னு ஒரு விஞ்ஞானி வானாய்வகத்துக்குப் பல இடம் தேடி இந்தக் காவலூரைப் பிடிச்சதே இருட்டுக்காகத்தான். நிலநடுக்கோட்டுக்குக் கிட்டங்கறதால தெற்கு வானமும் நல்லாத் தெரியுமாம். 1977-ல யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு கண்டுபிடிச்சதுல இந்த ஊருக்கும் பங்கு உண்டு. 1986-ல 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்துது. அதுக்கு பாப்பு பேரு. 1988-ல இங்க கண்ட ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பேரு.

தம்பி: இவ்ளோ உங்களுக்கு எப்படி?

கடைக்காரர்: அங்க வேலை செய்யறவங்க இங்கதான் டீ குடிக்கறாங்க. வாயை மூடிக்கிட்டா குடிப்பாங்க?

தம்பி: செல்ஃபி ஸ்பாட் எது?

கடைக்காரர்: இருட்டுல செல்ஃபி எடுத்தா என்ன விழும்? சனிக்கிழமைல பொதுமக்களை வானாய்வகத்துக்குள்ள விடறது வழக்கம். விசாரிச்சுட்டுப் போங்க.

தம்பி: ஒரு டிராவல் கைடுகூட இல்லாத ஊருண்ணே இது.

கடைக்காரர்: யாரு சொன்னா? கீழ செங்கத்துல நன்னன்னு ஒரு ராஜா. அவன்கிட்ட பரிசு வாங்கப் போற கூத்தருக்கு எந்த வழியில போகணும், எங்க என்ன சாப்பாடு கிடைக்கும்னு 583 அடியில சங்க காலத்துலயே பாடிட்டாங்க. மலைபடுகடாம். என் பொண்ணு எம்.ஏ.வுல படிச்சுது.

தம்பி: அதுல ரேட்டிங் எப்படி?

கடைக்காரர்: ரேட்டிங்கெல்லாம் இல்ல. போன வீட்ல பொங்கினதைத் தின்னுட்டு, சந்தோஷமாப் போனாங்க.

தம்பி: சரி, நான் என்னதான் பண்ணணுங்கறீங்க?

கடைக்காரர்: டீக்கு பதினஞ்சு ரூபா எடுங்க. சாமைச் சோறு வேணும்னா முந்தின நாளே சொல்லுங்க, வீட்ல பொங்கித் தர்றோம். கொண்டு வந்த பாட்டிலை நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க. லேசர் லைட்டைச் சென்னையிலயே வெச்சுட்டு வாங்க.