வாய்க்கால்கரையே வீதியாக இருந்த ஊர்

கிளிநொச்சியில் வீடு எங்கே என்று விசாரித்தால், பலர் இன்றைக்கும் வாய்க்காலைத்தான் சொல்வார்கள். உருத்திரபுரம் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்பவை எங்கள் பக்கத்து முகவரிகள். இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் காணியும் தொழிலும் போதாமல் இருந்த குடும்பங்களை 1930களில் இங்கே குடியேற்றினார்கள். தண்ணீர் முதலில் வந்தது. சனம் அதன் பின்னால் வந்தது. வவுனியாப் பக்கமிருந்து வடக்கே ஓடிவரும் கனகராயன் ஆறு குளத்தை நிரப்புகிறது. இடதுகரை, வலதுகரை என்ற இரண்டு பெரிய வாய்க்கால்கள் குளத்துத் தண்ணீரை 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. மலையும் அருவியும் இல்லாத தட்டை நிலம்தான். எங்கே போவதென்றாலும் நடந்தே போய்விடலாம். அதற்குக் காரணம் வாய்க்கால்கரைகள்.

நான் சிறுபிள்ளையாக இருந்த எழுபதுகளில் பள்ளிக்கூடம், சங்கக்கடை, கோயில், வாசிகசாலை எல்லாமே கரைவழியில் இருந்தன. ஒரு பக்கம் மருதமரம், மறுபக்கம் கிடுகுவேலி. ஒவ்வொரு படலையிலும் ஒருவர் மறிப்பார். "எங்கை மோனை போறாய்? அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டிட்டுதோ?" என்று கேட்கும் ஆச்சி, பதிலைக் கேட்டபடியே ஒரு பிடி முருங்கையிலை முறித்துக் கையில் தருவார். ஒரு வீட்டில் செத்தவீடு என்றால், அடுத்த வாய்க்காலுக்குச் செய்தி போய்ச் சேர அதிக நேரம் ஆகாது.

விளையாடுவதற்கென்று யாரும் இடம் ஒதுக்கித் தரவில்லை. கமம் விட்டுத்தந்த இடத்தில், அது விட்டுத்தந்த காலத்தில் விளையாடினோம். காலபோக அறுவடை முடிந்து மண் காய்ந்ததும் வயலில் கிளித்தட்டு. சிறுபோகத்துக்குத் துருசு திறந்தால் வாய்க்கால் நிறையும். லொறி ரியூப்புக்குக் காற்றடித்துக்கொண்டு மதகடியில் குதிப்போம். பாலைப்பழக் காலத்தில் பெரியவர் ஒருவரோடு காட்டுக்குப் போய், உதட்டில் பால் ஒட்ட ஒட்டத் தின்று, வீட்டுக்கும் கொண்டுவருவோம். பின்னேரங்களில் சனசமூக நிலைய வளவில் கரப்பந்தாட்டம். பங்குனி உத்தரத்தில் புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பொங்கல். வலதுகரை ஊர்களுக்கூடாகக் கூட்டம் கூட்டமாக நடந்து போவோம். மாரியில் இரணைமடு வான்கதவு திறந்தாயிற்று என்றால் பார்க்க ஊரே போகும். பெண்பிள்ளைகளுக்கு மட்டும் இந்தச் சுதந்திரம் முழுதாகக் கிடைக்கவில்லை. பெரியபிள்ளை ஆனதும் அவர்களின் வாய்க்கால் குளிப்பு நின்றுவிடும்.

போரில், 1996இல் நகரம் படையினர் கைக்குப் போக, அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று சிதறினோம். 2002இன் சமாதான காலத்தில் பலர் கூரையில்லாத வீடுகளைத் திருத்திக் குடிவந்தார்கள். 2008 முடிவில் மறுபடியும் மூட்டை கட்டினோம். 2009 ஜனவரி 2இல் நகரம் மறுபடியும் படையினரிடம் விழுந்தபோது சனம் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. போர் முடிந்து, இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து மீண்டு வந்தால், நடந்து பழகிய இடங்களில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள். பாலைப்பழத்துக்குக் காடேற எந்தத் தாயும் பிள்ளையை விடவில்லை. மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போனவர்களில் வன்னிப் பெண்கள் நிறையப் பேர். வெயிலில் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைத் துழாவினார்கள். இன்று நாங்கள் பயமில்லாமல் கால்வைக்கும் நிலம் அவர்கள் தந்தது.

இப்போது ஏ-9 காப்பெற் வீதி. 2013 செப்டெம்பரில் ரயிலும் கிளிநொச்சிக்குத் திரும்பிவந்தது. வங்கிகளும் கடைத்தொகுதிகளும் இரவு விளக்குகளும் இருக்கின்றன. பெண்பிள்ளைகள் மைதானத்தில் உதைபந்து ஆடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது என் அக்காமாரை நினைத்து நெஞ்சு நிறைகிறது. இவற்றில் எதையும் நான் இழக்கச் சம்மதியேன். ஆனால் ஊர் வாய்க்காலை விட்டுப் பெரிய வீதியைப் பார்க்கத் திரும்பிவிட்டது. கிடுகுவேலி மதிலாகிவிட்டது. பத்து நிமிட நடைக்கும் மோட்டார் சைக்கிள்தான். பஸ்களின் வேகத்துக்கு அஞ்சிப் பிள்ளைகளைத் தனியே விட மனம் வருவதில்லை. காலையில் நடப்பவர்கள் பெரும்பாலும் வைத்தியர் சொல்லி நடக்கும் நீரிழிவுக்காரர்கள். கரையில் பிளாஸ்டிக் பைகளும் சாராயப் போத்தல்களும் கிடக்கின்றன.

இந்த இழப்பு எவ்வளவு பெரியதென்று 2018 டிசம்பர் வெள்ளத்தில் விளங்கியது. எந்த ஒழுங்கை தாழும், எந்த மேடு நிற்கும் என்று சொல்லி எங்கள் பகுதியில் முன்னே நடந்தவர்கள் எல்லாரும் கரைகளில் நடந்து வளர்ந்த வயதாளிகள். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார் என்பதும் அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. நடந்து திரிந்த காலத்தில் பொழுதுபோக்கு என்று நாங்கள் நினைத்ததெல்லாம் நிலத்தையும் அயலையும் படித்த படிப்பு. அதை எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுக்கவில்லை.

இனியும் கொடுக்கலாம். தண்ணீர் திறக்கமுன் சிரமதானம் வைத்து வாய்க்கால் துப்புரவாக்குவது எங்கள் வழக்கமாக இருந்தது. அன்று வீட்டுக்கொருவர் மண்வெட்டியோடு வந்தார்கள். தேத்தண்ணியும் பனங்கட்டியும் பொதுவில் வரும். இன்று அந்த வேலையை இயந்திரம் சீக்கிரம் முடித்துவிடுகிறது. இயந்திரம் தூர் எடுக்கட்டும். கரையை நாங்கள் பொறுப்பெடுப்போம். கமக்காரர் அமைப்பும் பள்ளிக்கூடமும் சேர்ந்து, வரும் சிறுபோகத்துக்கு முன் ஒரு துண்டுக் கரையில் குப்பை பொறுக்கி, மருதங்கன்று நட்டு, பிள்ளைகள் நடந்து பள்ளிக்குப் போகத் தக்கதாக ஆக்கினால் போதும். பெரிய பூங்காவுக்குக் காசு தேடத் தேவையில்லை. படலையில் மறித்துச் சுகம் விசாரிக்க இன்னும் ஆச்சிமார் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.