கத்தரிக்கோலோடு நிற்கும் ஐரோப்பியர்

கேள்வி: மறுமலர்ச்சிக் கால உடைநூல்கள் ஐரோப்பியருக்கு எந்த உடையை வரைந்தன?

பதில்: உடைநூல் என்பது, ஒருவரின் ஊர், தகுதி, மணநிலை ஆகியவற்றை ஆடையாலேயே அடையாளம் காட்டும் அச்சுப்படத் தொகுப்பு. ஆனால் 1577-இல் ஹான்ஸ் வைகல் நியூரம்பெர்க்கில் வெளியிட்ட உடைநூலின் முகப்பில், ஐரோப்பியர் துணிச்சுருளும் கத்தரிக்கோலுமாக ஆடையின்றி நிற்கிறார். அடிக்கடி பாணி மாற்றுபவருக்கு எதை வரைந்தாலும் மை காய்வதற்குள் அது பழசாகிவிடும் அல்லவா! உடையை நிலையான அடையாளமாகக் கொண்ட ஒரு நூலே தன் முகப்பில் அதற்கு விலக்கையும் காட்டியிருப்பது போற்றத்தக்க நேர்மை. செசாரே வெசெல்லியோ 1590-இல் வெனிஸில் வெளியிட்ட நூலோ இந்தத் தோற்ற மாற்றத்தை இன்னும் நெருங்கிச் சென்று பார்த்து, உச்சி திறந்த அகன்ற விளிம்புத் தொப்பியின் வழியே கூந்தலை வெளியே எடுத்து, மொட்டைமாடி வெயிலில் அதைப் பொன்னிறமாக்கும் வெனிஸ் பெண்ணையும் வரைந்து காட்டுகிறது.