பாகப்பிரிவினை சார்

அறிவியல் மன்றம் என்று நாலு பேர் கூடுகிற எந்த ஊரிலும் இவர் ஐந்தாவது ஆளாக வந்து சேர்ந்துவிடுவார். கேள்வி கேட்க வருபவர் அல்ல, பதில் சொல்லவும் வருவதில்லை. கேள்வியை எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்பதுதான் இவருடைய கவலை. கருந்துளைக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு பையன் கேட்டால் மற்றவர்கள் கருந்துளையைப் பற்றி யோசிப்பார்கள். இவர் மட்டும், "இது வானியலா, இயற்பியலா? முதல்ல அதை முடிவு பண்ணிக்குவோம்" என்பார். முடிவு பண்ணுவதற்குள் நூலகம் பூட்டுகிற நேரம் வந்துவிடும்.

இந்த ரகத்தில் கல்லூரிப் பேராசிரியர் உண்டு, வங்கி அதிகாரி உண்டு, இன்ஜினியரிங் படிக்கிற பையன்கூட உண்டு. முழு வளர்ச்சி பெற்ற ஆளைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் கிளை நூலகத்து மாடிக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வர வேண்டும். சார் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மன்றத்துக் கேள்விகளை நாங்கள் நோட்டுகளில் எழுதி அலமாரியில் வைப்போம். யார் வேண்டுமானாலும் எடுத்துக் கேள்வி எழுதலாம், பதில் தெரிந்தவர் கீழே எழுதலாம். சார் வருவதற்கு முன்னால் நாலே நோட்டுதான்: இயற்பியல், வேதியியல், உயிரியல், பொது. இப்போது எத்தனை என்று கேட்டால், "மேப்பைப் பார்த்துத்தான் சொல்லணும்" என்கிறார். மேப் இருக்கிறது. ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, எல்லைக்கல் மாதிரி முக்கோணங்கள் வரைந்து ஒட்டியிருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் சர்வே எண் உண்டு. உயிரியல் 3. தாவரம் 3/1, விலங்கு 3/2, பூச்சி 3/2பி. பூச்சிக்குள் கொசுவுக்கு மட்டும் தனி உட்பிரிவு. டெங்கு சமயத்தில் போட்டது, எடுக்க மனம் வரவில்லை. காளான் ரொம்ப நாள் தாவரத்தில் இருந்தது. பூஞ்சைகளைத் தாவரத்திலிருந்து பிரித்துத் தனி உலகமாக விட்டேக்கர் 1969-லேயே வகைப்படுத்திவிட்டார் என்று கல்லூரி மாணவி ஒருத்தி சொல்லப்போக, சாருக்கு அன்றிரவு தூக்கம் போயிருக்க வேண்டும். மறுநாளே காளான் 3/3 ஆகிவிட்டது.

நோட்டு அட்டைகளைப் பார்க்க வேண்டும். பிரிவு மாறும்போதெல்லாம் பழைய லேபிளைக் கிழிக்க மாட்டார், ஆவணம் அல்லவா? அதன் மேலேயே கோந்து தடவிப் புது லேபிளை ஒட்டுவார். இயற்பியல் நோட்டின் முனையை நகத்தால் மெல்ல உரித்தால் அடியில் "இயற்பியல் (வெப்பம் நீங்கலாக)" என்று பச்சை ஸ்கெட்ச்சில் ஒரு லேபிள் வரும். அதற்கு அடியில் "இயற்பியல் (ஒளி, ஒலி மட்டும்)". அதற்கும் அடியில் சிவப்பில் "பார்வைக்கு அனுப்பப்பட்டது". யாருடைய பார்வைக்கு என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவருடைய பரம வைரி 'பொது'. எந்தச் சீரமைப்பும் பொதுப் பிரிவை ஒழிப்பது என்ற தீர்மானத்தோடுதான் தொடங்கும். "பொதுன்னு ஒண்ணு இருந்தா எல்லாரும் சோம்பேறித்தனமா அங்கேயே கொண்டுபோய்க் கொட்டுவாங்க. புறம்போக்கு மாதிரி" என்பார். அந்த நோட்டு கலைக்கப்படும், கேள்விகள் இடம் மாற்றப்படும். கடைசியில் எங்கேயும் ஒட்டாத கேள்விகள் ஒரு கைப்பிடி மிஞ்சும். அதற்காகத் தற்காலிகமாக ஒரு நோட்டு போடப்படும். இப்போது எங்களிடம் பொது-1, பொது-2, பொது (இதர) ஆகியவை இருக்கின்றன.

சீரமைப்புக் கூட்டங்களில் கணக்கு டீச்சர்தான் அவருக்கு ஈடுகொடுப்பார்.

"கணிதத்துக்கு ஏன் சார் தனி நோட்டு இல்லை?"

"கணக்கு எல்லாப் பிரிவுக்கும் பொதுதானேம்மா?"

"ஆமா சார், எல்லாத்துக்கும் பொது."

"அப்ப பொது-2ல போட்டுடலாமா?"

டீச்சர் மூன்று வாரம் வரவில்லை.

ஆனால் சாருக்கு இதில் முன்னுதாரணம் இருந்தது. 1914-இல் கல்கத்தாவில் முதல் இந்திய அறிவியல் மாநாடு கூடியபோது பிரிவுகள் ஆறுதான்: தாவரவியல், வேதியியல், இனவரைவியல், நிலவியல், இயற்பியல், விலங்கியல். கணிதத்துக்கு நாற்காலி இல்லை. இத்தனைக்கும் மாநாட்டுத் தலைவர் அசுதோஷ் முகர்ஜி கணிதக்காரர். பின்னாளில் அந்த மாநாட்டின் பிரிவுகள் 14 ஆகின என்பதையும் சார் கண்டுபிடித்துவிட்டார். அதை அவரிடம் சொன்னவர் யார் என்று இன்னும் விசாரணை நடக்கிறது.

சொல்லப்போனால் பெரிய இடங்களிலும் இதே வேலைதான் நடந்திருக்கிறது. லண்டன் ராயல் சொசைட்டி தன் ஆய்விதழை 1887-இல் ஏ, பி என்று இரண்டாகப் பிரித்தது. ஒன்று இயற்பியல் வகையறாவுக்கு, மற்றது உயிரியலுக்கு. ரூதர்ஃபோர்டு உடம்பெல்லாம் இயற்பியல்காரர். அவருக்கு 1908-இல் கிடைத்த நோபல் வேதியியலுக்கானது. மேரி கியூரிக்கு 1903-இல் இயற்பியல், 1911-இல் வேதியியல். அந்த அம்மாவை எந்த நோட்டில் எழுதுவது என்று சார் ஒரு மாதம் யோசித்திருப்பார். 2006-இல் புளூட்டோவைக் கோள் பட்டியலில் இருந்து எடுத்தபோது உலகம் வருந்தியது. சாருக்குப் புளூட்டோவைவிடச் சீரிஸ் மீதுதான் பரிவு. 1801-இல் கண்டுபிடித்தபோது அது கோள், பிறகு சிறுகோள், 2006-இல் குறுங்கோள். "சர்வீஸ்ல இத்தனை டிரான்ஸ்ஃபர், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையே" என்பார், கண் கலங்காத குறையாக.

அவருடைய குலதெய்வம் எஸ்.ஆர். ரங்கநாதன். சீர்காழியில் 1892-இல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளைப் பார்த்தபோதுதான் கோலன் பகுப்பு முறைக்கு யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். 1933-இல் அது புத்தகமாக வந்தது. ஒரே பொருளைப் பல கோணங்களில் பிரித்து, நிறுத்தக்குறி போட்டு இணைக்கிற முறை அது. சார் அதிலிருந்து எடுத்துக்கொண்டது நிறுத்தக்குறிகளை மட்டும். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளையும் மனப்பாடமாகச் சொல்வார். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்கிற நாலாவது விதி வரும்போது மட்டும் கொஞ்சம் இருமுவார்.

ஜோதிடம்தான் அவருக்கு வந்த பெரிய சோதனை. வானியல் நோட்டில் யாரோ செவ்வாய் தோஷத்துக்கு அறிவியல் விளக்கம் கேட்டு எழுதிவிட்டார்கள். டியூயியின் நூலகப் பகுப்பில் வானியல் 520, ஜோதிடம் 133.5, இரண்டும் வேறு வேறு அலமாரி என்று சார் ஒரு பிரசங்கம் செய்து, "ஆதாரமற்றவை" என்று புது நோட்டு போட்டார். மூலிகைப் பெட்ரோல், நிற்காமல் ஓடும் இயந்திரம், அமாவாசையன்று கொதிக்கும் தண்ணீர் என்று அது மளமளவென நிரம்பியது. மன்றத்திலேயே ஒழுங்காக வாசிக்கப்படுகிற நோட்டு இப்போது அதுதான்.

இத்தனை கிண்டல் செய்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்களெல்லாம் அவரவர் நோட்டை மட்டும் புரட்டுகிறவர்கள். எல்லா நோட்டையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்த ஒரே மனிதர் சார்தான். இடம் மாற்ற வேண்டுமானால் படித்தாக வேண்டுமே! விலங்கு நோட்டில் ஒரு பையன், இருட்டில் வௌவால் எப்படி முட்டாமல் பறக்கிறது என்று கேட்டிருந்தான். மருத்துவ நோட்டில் ஓர் அக்கா, வயிற்றிலுள்ள குழந்தையை ஸ்கேனில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டிருந்தார். இரண்டும் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி எதிரொலியைப் படிக்கிற வித்தைதான் என்பதைப் பிடித்து, இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தவர் சார். அவ்வளவு நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு "அப்போ மீயொலிக்குத் தனிப் பிரிவு வேணும் இல்லையா?" என்றார்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்ட கேள்வியின் கதை இதைவிட நீளம். "பால் பொங்கி வழிகிறது. தண்ணீர் கொதித்தாலும் அப்படி வழிவதில்லையே, ஏன்?" என்று வேதியியல் நோட்டில் எழுதியிருந்தாள். கொதிப்பது வெப்பம் சம்பந்தப்பட்டது என்று சார் அதை இயற்பியலுக்கு மாற்றினார். இயற்பியலில் அப்போது வெப்பம் நீங்கலாக. வெப்பத்துக்குப் போனது. பால் மாட்டிலிருந்து வருகிறது என்று யாரோ விளையாட்டாகச் சொன்னதை நம்பி 3/2-க்குப் போனது. டியூயியில் பார்த்தால் வெப்பம் 536, பால் பதப்படுத்தல் 637, சமையல் 641 என்று மூன்று இடம் காட்டியது. கடைசியாகப் பொது (இதர)வில் தங்கியது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கேள்வியை அழகான கையெழுத்தில் திருப்பி எழுதி, பக்கத்தில் தேதி போட்டுச் சுருக்கொப்பமும் வைத்திருந்தார். பதில் எழுதுகிற இடம் எல்லா நோட்டிலும் வெள்ளையாகவே இருந்தது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண் போன வாரம் தானே பதில் எழுதிக் கொண்டுவந்துவிட்டாள். பால் சூடாகும்போது புரதமும் கொழுப்பும் மேலே ஏடாகப் படிகின்றன, அடியிலிருந்து வரும் நீராவி வெளியேற முடியாமல் ஏட்டைத் தூக்கிக்கொண்டு எழுகிறது, குமிழிகளைச் சட்டென்று உடையவிடாமல் புரதம் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரில் இவை இல்லாததால் குமிழி மேலே வந்ததும் உடைந்துவிடுகிறது. அடுப்பை சிம்மில் வைத்துக் கரண்டியால் விடாமல் கிண்டிப் பார்த்ததாகவும், பால் பொங்கவில்லை என்றும், அம்மா திட்டியதாகவும் எழுதி, பாத்திரத்தின் படமும் போட்டிருந்தாள்.

சார் இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிரமாதம்மா. இப்படித்தான் இருக்கணும்" என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னார். எங்களுக்கே நெகிழ்ச்சியாக இருந்தது. டீச்சர்கூடக் கைதட்டினார்.

பிறகு தாளை மறுபடி கையில் எடுத்தார்.

"ஆனா பாரு, கேள்வி பொதுவில இருக்கு. நீ செஞ்சு பார்த்து எழுதியிருக்கே. செய்முறைக்கு நாம பிரிவே வைக்கலையே!"

மஞ்சள் பையிலிருந்து ஸ்கேல் வெளியே வந்துவிட்டது.