டிஜிட்டல் ஒளிப்படம் கற்கும் நெறிகளும் செம்பருத்தியும்: ஓர் ஆய்வு

புதிதாகக் கேமரா வாங்கியவர் அதை எந்த வழியில் கற்றுக்கொள்ளத் துணிகிறார் என்பதே இவ்வாய்வின் பொருள். விளக்கமுறை ஆய்வும் ஒப்பீட்டு ஆய்வும், தேவைப்படும் இடங்களில் சமூகவியல் அணுகுமுறையும் கையாளப்பட்டுள்ளன. எந்தெந்த இடங்களில் தேவைப்பட்டது என்று வாய்மொழித் தேர்வில் எவரும் கேட்பதில்லை. ஆகவே இங்கும் சொல்லப்படவில்லை. கேமரா முதன்மை ஆதாரம். கேமரா வாங்கச் சொல்லித் தூண்டியவர்கள் துணைமை ஆதாரம். கருதுகோள், மரபு பிறழாமல், முடிவுரை எழுதிய பிறகு எழுதிச் சேர்க்கப்பட்டது.

முதற்கண் கால ஆராய்ச்சி. காலத்தை ஒரு நூற்றாண்டாவது பின்னுக்குத் தள்ளினால்தான் பொன்னாடை கிடைக்கும் என்பதை அறிவோம். ஆனால் இந்தப் பொருளில் 1975-க்கு முன்னால் போக வழியில்லை. அந்த ஆண்டில், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்து முடித்தார். அப்போது அதைக் கையாளத் தெரிந்தவர் அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வெளியே பூமியில் எவரும் இல்லை. ஆகவே டிஜிட்டல் ஒளிப்படத்தின் முதல் தொடக்கநிலையாளரும் அவரே என்று துணியலாம். அந்தக் கேமராவின் படம் நூற்றுக்கு நூறு, ஆக 10,000 புள்ளிகள். இன்றைய கணக்கில் 0.01 மெகாபிக்சல். ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கேசட் நாடாவில் பதிய 23 விநாடிகள். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணை நிற்கவைத்து எடுத்தார். திரையில் தலைமுடி தெரிந்தது, முகம் தெரியவில்லை. எட்டிப் பார்த்த அந்தப் பெண், இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். ஓர் ஆய்வு வழிகாட்டி ஐந்தாண்டுகளில் சொல்வதை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார் என்பது நோக்கத்தக்கது.

இனி நெறிகள். ஏழு என்பர், ஆறு என்பாரும் உளர் (மொட்டைமாடிச் சுவடி, ஏடு 4).

நூல்நெறியினருக்கு மைக்கேல் லாங்ஃபோர்டின் 'பேசிக் ஃபோட்டோகிராஃபி' 1965-லிருந்தும், பிரையன் பீட்டர்சனின் 'அண்டர்ஸ்டாண்டிங் எக்ஸ்போஷர்' 1990-லிருந்தும் கிடைக்கின்றன. இரண்டும் நல்ல நூல்கள். இந்நெறியினர் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படிப்பார்கள், லென்ஸ் மூடியைக் கழற்றமாட்டார்கள். கேமராவுடன் வரும் கையேட்டைப் படிப்பது தனிநெறி. அதைப் பின்பற்றியவர் எவரும் இதுவரை அகப்படவில்லை.

காணொளிநெறியினர், அப்பெர்ச்சர் என்றால் என்ன என்று பார்க்க இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உட்காருவர். நள்ளிரவில் பார்த்தால், தாம் ஒருநாளும் வாங்கப்போகாத இரண்டு லென்ஸ்களுக்கு இடையே ஓரத்துக் கூர்மை எதில் அதிகம் என்ற விவாதத்தில் ஒரு கட்சியை ஆதரித்துக்கொண்டிருப்பர். கேமராவின் பேட்டரி இன்னும் அட்டைப்பெட்டியில் இருக்கும்.

வகுப்புநெறி: ஞாயிற்றுக்கிழமை நடப்பது, சான்றிதழும் சாம்பார் சாதமும் உண்டு.

நடைநெறியினர் விடியலில் கூட்டமாகக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், ஒரே மீன்கார அம்மாவை ஒரே கோணத்தில் அனைவரும் எடுத்து, அதைத் தனித்துவம் என்று கூறுவர். அந்த அம்மா மீன் வாங்குகிறீர்களா என்று கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை.

கல்யாணநெறியை அறிஞர்கள் மதிப்பதில்லை, மதித்திருக்க வேண்டும். ஊர் ஸ்டூடியோ அண்ணனுக்கு லைட் பிடிக்கப் போகும் பையன் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கற்கிறான். "தம்பி, லைட்ட இந்தப் பக்கம் கொண்டா, மாப்பிள மூக்கு நிழல் கன்னத்துல விழுது பாரு" என்ற ஒரு வாக்கியத்தில் இருக்கும் ஒளியியல், பல வகுப்புகளின் பாடத்திட்டத்தில் இல்லை. குறை ஒன்றுதான்: பந்தியில் கடைசி வரிசை, பாயசம் தீர்ந்திருக்கும்.

மாமாநெறி பற்றி ஆய்வாளர் கருத்துக் கூறுவதற்கில்லை. மாமா இந்த இதழின் சந்தாதாரர்.

எஞ்சியது செம்பருத்திநெறி. முன்னாய்வாளர் அனைவரும் இதை அடிக்குறிப்பில் தள்ளிவிட்டனர், அல்லது அடிக்குறிப்பைப் படிக்காமலே மேற்கோள் காட்டினர். தமிழ்நாட்டில் கேமரா வாங்கிய எவரும் முதன்முதலில் குறிபார்ப்பது மொட்டைமாடித் தொட்டியில் பூத்திருக்கும் சிவப்புச் செம்பருத்தியையே. இதற்குக் காரணம் அழகியல் என்பர் ஒருசாரார். அழைத்தவுடன் நிற்கும், சம்மதம் கேட்க வேண்டாம், 'வாட்ஸப்ல அனுப்பு' என்று நச்சரிக்காது என்பதே காரணம் என்பர் மற்றொரு சாரார். பின்னதே பொருந்தும் (மொட்டைமாடிச் சுவடி, ஏடு 9, பின்பக்கம், இடது ஓரம் அணில் கடித்தது).

இப்பூவின் அமைப்பை நோக்குக. நடுவிலிருந்து ஒரு தண்டு முன்னால் நீண்டு, நுனியருகே மஞ்சள் மகரந்தம் ஏந்தி நிற்கும். தொடக்கநிலையாளர் கையில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் அப்பெர்ச்சர் எனும் துளையை முழுக்கத் திறந்து 1.8-இல் வைப்பார், பின்னணி கரைய வேண்டும் என்பது அவருடைய குலதெய்வ வேண்டுதல். அவ்வளவு கிட்டத்தில், 1.8-இல், தெளிவாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். ஆகவே மகரந்தம் துல்லியமாக இருக்கும், இதழ்கள் கரைந்து போயிருக்கும், பின்னணியோடு பூவும் போயிருக்கும். பிறகு 8-க்கு மாற்றுவார். எண் கூடினால் துளை குறைவது ஏன் என்று ஒருநாள் குழம்புவார். லென்ஸின் குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவதே அந்த எண். 50-ஐ 25-ஆல் வகுத்தால் 2, 6.25-ஆல் வகுத்தால் 8. ஐந்தாம் வகுப்பு வகுத்தல். இதைச் சொல்லாமல் வைத்துத்தான் பலர் கட்டணம் வாங்குகிறார்கள்.

8-க்குப் போனதும் ஒளி குறையும், ஷட்டர் மெதுவாகும். அந்நேரம் பார்த்துக் காற்று அடிக்கும், செம்பருத்தி தலையாட்டும், படம் குழையும். ஷட்டரை விநாடியில் 250-இல் ஒரு பங்குக்கு ஏற்றினால் படம் இருண்டுவிடும். ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 100-லிருந்து 400-க்கு உயர்த்தினால் இருட்டு இரண்டு படி நீங்கும், நிழலில் கொஞ்சம் மணல் தெரியும். வெளிப்பாட்டு முக்கோணம் என்று கரும்பலகையில் மூன்று கோடு போட்டு விளக்கப்படுவது இதுவே. இங்கே அதை ஒரு பூவும் கொஞ்சம் காற்றும் இலவசமாக நடத்துகின்றன.

இவ்விடத்தில் நந்தியாவட்டைக் கட்சியினர் குறுக்கிடுவர். செம்பருத்தி ஆரவாரமானது, வெள்ளைப் பூவே நல்லாசான் என்பது அவர்கள் வாதம். அதில் பொருள் உண்டு. கேமராவின் ஒளிமானிக்கு உலகமே இடைச்சாம்பல் நிறம். வெள்ளையைக் கண்டால் அதிகம் என்று இருட்டாக்கும், கறுப்பைக் கண்டால் குறைவு என்று வெளுக்கவைக்கும். நந்தியாவட்டை சட்டகம் நிறைய இருந்தால் துவைக்காத வேட்டி நிறத்தில் விழும். கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தானை அழுத்தி +1-க்கு நகர்த்த வேண்டும். எருமைக்கு நேர்மாறு.

ஆனால் செம்பருத்தியின் சிவப்பு சொல்லித்தரும் பாடம் இன்னும் நுட்பமானது என்று செம்பருத்திக் கட்சியினர் மறுமொழி கூறுவர். கேமராத் திரையில் படம் சரியாகவே இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் இதழின் நரம்புகள் காணாமல் போய், சிவப்புப் பெயிண்டைக் கொட்டியதுபோல் இருக்கும். பச்சையும் நீலமும் எல்லைக்குள் இருக்க, சிவப்பு மட்டும் முட்டி வழிந்துவிட்டது. மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் வைத்துப் பார்த்தால் சிவப்பு மலை வலது சுவரில் மோதி நிற்பது தெரியும். வெளிச்சத்தை ஒரு படி குறைத்தால் நரம்பு திரும்பிவரும். தோட்டத்துக்குப் பச்சை நிழல்வலை போட்டிருந்தால் சிவப்பே சேறாகும், ஒயிட் பேலன்ஸ் என்பது என்ன என்று அன்றே தெரிந்துவிடும் (மொட்டைமாடிச் சுவடி, ஏடு 17, இச்சுவடியில் மொத்தம் 12 ஏடுகளே உள என்பது பொறாமைக்காரர் கூற்று).

மூன்றிலொரு பங்கு விதியை எங்கே காணோம் என்று கேட்பவர்களுக்கு: அதை ஜான் தாமஸ் ஸ்மித் 1797-லேயே, நாட்டுப்புறக் காட்சிகளைப் பற்றிய ஓவிய நூலில் எழுதிவிட்டார். அப்போது ஒளிப்படம் என்ற ஒன்றே பிறக்கவில்லை. பொருள் பிறப்பதற்கு முன்பே அதற்கான கோட்பாடு தயாராக இருப்பது நம் பல்கலைக்கழகங்களுக்குப் புதிதல்ல.

களப்பணியில் நேர்ந்த இடர்ப்பாடு ஒன்றைப் பதிவுசெய்வது கடமை. செம்பருத்தி பெரும்பாலும் ஒருநாள் பூ. காலையில் விரிந்தது அடுத்த நாளுக்கு நிற்காது. சாய்ந்த வெயில் இதழில் விழப்போகும் அதே நேரம் வீட்டில் பூஜை நேரம்.

"பூவ விடுடா, விளக்கேத்தணும்."

"வெளிச்சம் வரட்டும்மா, ஒரு நிமிஷம்."

"வெளிச்சம் வந்தா பூ வாடிரும். தள்ளு."

இங்கே தாயின் தரப்பு ஆய்வு ரீதியில் வலுவானது. ஒளி நேரத்தைவிடப் பூவின் நேரம் குறுகியது. ஆகவே ஆய்வாளர் ஆறு மணிக்கே எழ வேண்டும். ஒளிப்படக் கலையில் வேறு எந்தப் பாடமும் தொடக்கநிலையாளரை இவ்வளவு சீராக விடியலில் எழுப்பியதில்லை (மொட்டைமாடிச் சுவடி, ஏடு 23, பூந்தொட்டியுரைப்படி; தண்ணீர்த்தொட்டியுரை இதை மறுக்கும்; இரண்டையும் ஒருசேரப் பதிப்பித்தவர் இரண்டையும் மறுத்து, முன்னுரையில் தம் ஆசிரியரின் ஆசிரியருக்கு 80 பக்கம் நன்றி கூறுவார்; அந்நன்றியுரை இடைச்செருகல் என்போரும், அதுவே மூலம், மற்றவை இடைச்செருகல் என்போரும் உளர்).

ஆக, நூலை விரும்புவோர் நூலை வாங்கட்டும், வகுப்பை விரும்புவோர் சாம்பார் சாதம் சாப்பிடட்டும், வாய்ப்புள்ளவர் ஸ்டூடியோ அண்ணனுக்கு லைட் பிடிக்கட்டும். கேமராவை ஆட்டோ முறையிலிருந்து விலக்கி ஒரு தொட்டிச் செடி முன்னால் ஒரு மாதம் உட்காராதவருக்கு மேற்கண்ட எதுவும் ஒட்டாது என்பதே இவ்வாய்வின் முடிவு. கருதுகோளும் அதுவே, வியப்பில்லை.

மேலாய்வுக்குரிய களங்கள்: ரோஜா, துளசி, மதிலில் தூங்கும் பூனை. நந்தியாவட்டைக் கட்சியினர் மறுப்பு எழுதலாம். எழுதுவோர் தாம் எடுத்த படம் ஒன்றையாவது இணைக்க வேண்டும். ஜேபெக் போதும், ரா கோப்பு அனுப்பி ஆசிரியர் குழுவின் மின்னஞ்சல் பெட்டியை நிரப்ப வேண்டாம்.